கொழுந்து கிள்ளும் விரலில் தசை இல்லை

வானொலிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இன்றைய பேச்சைக் காதால் மட்டும் கேட்டால் போதாது, கையும் காலும் வேண்டும்.

வலது கையை முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே, முன்கையின் சதைப்பற்றான இடத்தை இடது கையால் இறுகப் பிடியுங்கள். இப்போது வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பாருங்கள். பிடித்த கைக்குள் ஏதோ புரளுகிறதல்லவா? விரலை மடக்குகிற தசை அதுதான். விரலை அசைக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. முன்கையிலும் உள்ளங்கையிலும்தான் இருக்கிறது. முன்கையில் உள்ள தசைகளிலிருந்து நீளமான வெள்ளை நாண்கள் புறப்பட்டு, மணிக்கட்டைக் கடந்து, விரல் எலும்புகளில் போய்ப் பிடித்திருக்கின்றன. மேலே தசை சுருங்கினால் கீழே விரல் மடங்கும்.

6ஆம் தரத்திலிருந்து விஞ்ஞானம் தனிப் பாடமாக வருகிறது. தசைத்தொகுதி என்று சொன்னதும் ஆசிரியர்களான நம்மில் பலர் செய்வது, சுவரில் ஒரு படத்தை மாட்டுவது. தோல் உரித்த ஆண் உருவம் ஒன்று செக்கச்செவேலென்று நிற்கும். இருதலைத்தசை, முத்தலைத்தசை என்று அம்புக்குறி போட்டிருக்கும். பிள்ளைகள் பெயர்களைக் கொப்பியில் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் ஒப்பித்துவிட்டு மறந்துவிடுவார்கள். பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் படம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது இரண்டாவதாக வரவேண்டும் என்கிறேன். முதலாவதாக வரவேண்டியது அந்தப் பிள்ளையின் கையும், அவளுடைய அம்மாவின் கையும்.

அம்மா காலையில் பிரட்டுக்கு, அதாவது பெயர்ப்பதிவுக்குப் போய், மலைக்கு ஏறி, நிரையில் நின்று கொழுந்து பறிக்கிறாரே, அந்த வேலையைத் தசைப் பாடமாக ஒரு தடவை பாருங்கள். கண் குருத்தைத் தேடுகிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் தண்டைப் பிடித்துக் கிள்ளுகின்றன. முதிர்ந்த இலையை விட்டுவிட வேண்டும், இளந்தளிர் நசுங்கக் கூடாது. அதற்கேற்ற அளவான அழுத்தத்தை முன்கைத் தசையும், பெருவிரலின் அடியில் மேடாகத் தெரிகிற சிறு தசைகளும் சேர்ந்துதான் கொடுக்கின்றன. கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் முதுகிலுள்ள கூடைக்குள் வீச வேண்டும், அது தோள் தசையின் வேலை. இதற்கெல்லாம் முன்பாக, சரிவில் விழாமல் நிற்பதற்குக் கெண்டைக்காலும் தொடையும் முதுகும் இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. நிறுவையில் குறிக்கப்படுவது கிலோ மட்டும்தான். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இத்தனை நுட்பமான வேலையை 'பயிற்சி தேவையில்லாத கூலி வேலை' என்று எழுதிவைத்தவர்கள், அந்த வேலையில் எத்தனை தசைகள் எந்த ஒழுங்கில் இயங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

இந்தப் பாடத்தை நடத்தும்போது மணிக்கட்டைத் தொட்டுக்காட்டி ஒரு மாணவி கேட்டாள். "எங்கம்மாவுக்கு ராவுல இந்த இடந்தான் கடுக்குது டீச்சர். விரலெல்லாம் மரத்துப் போகுதாம். ஏன்?" அவளுக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒடுக்கமான ஒரு வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. ஒரே அசைவை நாள் முழுக்க, வருடக்கணக்காகச் செய்யும்போது நாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கலாம். வீங்கினால் அந்த இடத்தில் நெருக்கடி, நெரிபடுவது நரம்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப் போவது இதன் அடையாளம். தைலம் தேய்த்துக்கொண்டு பல வருடம் சமாளிக்கிற அம்மாமார் இருக்கிறார்கள். வைத்தியரிடம் காட்ட வேண்டும், நேரத்தோடு காட்டினால் குணப்படுத்த முடியும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னாள். விஞ்ஞானப் பாடம் லயத்துக்குள் போவதென்றால் இப்படித்தான் போக வேண்டும்.

அடுத்தது கால். ஊவாவின் தோட்டப் பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போக இறங்குவார்கள், திரும்பும்போது ஏறுவார்கள், அல்லது மறுதலையாக. ஏறுவது கஷ்டமா இறங்குவது கஷ்டமா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஏறுவதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். மூச்சு வாங்குவதைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் மறுநாள் வலிக்குக் காரணம் இறக்கம்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வருகிற அண்ணன்மாரைப் பாருங்கள். கடையில் வருடம் முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு, பதுளை ரயிலில் வந்து அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ தெமோதரையிலோ இறங்கி, தோட்டத்துக்கு நடப்பார்கள். முதல் நாள் ஊரெல்லாம் ஏறி இறங்கித் திரிவார்கள். இரண்டாம் நாள் படி இறங்க முடியாது, தொடை பிடித்துக்கொள்ளும். சமதரைக்குப் பழகிப்போன கால் என்று பாட்டி சொல்வார். பாட்டி சொல்வது விஞ்ஞானப்படியும் சரிதான்.

இறங்கும்போது தொடையின் முன்புறத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் அது கல்லாக இறுகும். உடம்பு கீழே சரிந்துவிடாமல் முழங்காலைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான். ஏறும்போது அது சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போதோ இறுகியபடியே நீளுகிறது, ஒரே நேரத்தில் பிடிக்கவும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பழக்கமில்லாத தசைக்கு இந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் ஏற்படும். வலி உடனே வராது, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். இலத்திரிக்கமிலம் தேங்குவதால்தான் இந்த வலி என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. இலத்திரிக்கமிலம் ஓய்வெடுத்ததும் சீக்கிரமே தசையை விட்டு நீங்கிவிடும், இரண்டு நாள் காத்திருப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரு முறை இப்படி வலித்துத் தேறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் அவ்வளவு நோகாது. அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. தினமும் மலை இறங்குகிற பிள்ளைக்கு வலிக்காததும், விடுமுறைக்கு வந்த அண்ணனுக்கு வலிப்பதும் இதனால்தான்.

தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டிய விடயம் இது. கதவைத் தள்ளுகிறோமே என்று கேட்பார்கள். தள்ளுவது கை, அந்தக் கையை நீட்டுவது பின்பக்கத்து முத்தலைத்தசையின் இழுப்பு. இழுக்க மட்டுமே தெரிந்தபடியால்தான் தசைகள் சோடி சோடியாக வேலை செய்கின்றன. ஒன்று மடக்கும், மற்றது நீட்டும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும்போது தப்பு அடிக்கிறவரின் மணிக்கட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். முன்கையின் ஒரு பக்கத் தசை குச்சியை அடிக்க இழுக்கிறது, மறுபக்கத் தசை அதை உடனே மீட்கிறது. ஒன்று இழுக்கும் நேரத்தில் மற்றது தளர வேண்டும். இரண்டும் ஒன்றாக இறுகினால் அடி விழாது.

தசை எப்படிச் சுருங்குகிறது என்பது 1954 வரைக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அந்த வருடம் 'நேச்சர்' இதழில் இரண்டு குழுவினர் ஒரே சமயத்தில் விடையை வெளியிட்டார்கள். அன்ட்ரூ ஹக்ஸ்லியும் ரொல்ஃப் நீடர்கெர்க்கேயும் ஒரு குழு, ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றக் குழு. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். தசைக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுருங்கும்போது இழைகள் குறுகுவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழைகின்றன. இதை வகுப்பில் காட்ட எந்தக் கருவியும் வேண்டாம். இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே நீட்டி, ஒரு கை விரல்களின் இடுக்கில் மறு கை விரல்களை மெதுவாக நுழைத்துக் காட்டுங்கள். விரலின் நீளம் மாறவில்லை. ஆனால் இரண்டு கைகளும் நெருங்கிவிட்டன.

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலை என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது உண்மையான குறை. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாட்டின் மற்றப் பகுதிகள் இலவசக் கல்வியால் முன்னேறிப் பல பத்தாண்டுகள் கழித்து நாம் தொடங்கினோம். தமிழ்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் போதாமை இன்றும் நம்மை வாட்டுகிறது. ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவை வரும்வரை தசைப் பாடம் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் கோழி அடிக்கிற நாளில், மூட்டோடு வெட்டி ஒதுக்குகிற அந்த மஞ்சள் காலை எடுத்துக் கழுவி வையுங்கள். வெட்டுவாயில் வெள்ளையாக நாண் நுனிகள் தெரியும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் கோழியின் விரல்கள் மடங்கும். இன்னொன்றை இழுத்தால் விரியும். பிள்ளை ஒரு தடவை இதைச் செய்துவிட்டால் நாணைப் பற்றிய பாடம் முடிந்தது. கறியிலும் பாடம் உண்டு. நெஞ்சுக்கறி வெளுப்பு, கால்கறி கருஞ்சிவப்பு. கோழி நாள் முழுக்க நடக்கிறது, எப்போதாவதுதான் சிறகடிக்கிறது. நெடுநேரம் உழைக்கும் தசைக்கு ஒட்சிசன் இருப்பு வேண்டும், அதைப் பிடித்துவைக்கும் இரும்புச்சத்துள்ள புரதம்தான் அந்தச் சிவப்பு நிறத்தைத் தருகிறது. கையைக் கழுவ மறக்க வேண்டாம்.

மூன்று வகைத் தசைகளைப் பாடநூல் சொல்கிறது. வன்கூட்டுத்தசை, மழமழப்பான தசை, இதயத்தசை. நம் விருப்பப்படி இயங்குவது, தானாக இயங்குவது என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்போம். மார்கழிக் காலையில் வெலிமடைப் பக்கம் பனி இறங்கும்போது கையைப் பாருங்கள். மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும். ஒவ்வொரு மயிரின் அடியிலும் உள்ள மழமழப்பான தசை தானாகச் சுருங்கியதன் விளைவு அது. அதே நேரத்தில் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். நடுங்குவது வன்கூட்டுத்தசை. நம் விருப்பத்தில் இயங்குவதாகச் சொன்ன அந்தத் தசை, நம்மைக் கேட்காமலே சுருங்கிச் சுருங்கி உடம்புக்குச் சூடு உண்டாக்குகிறது. பாடநூலின் பிரிப்பு இங்கே கொஞ்சம் தளர்கிறது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கேட்டால் சந்தோசப்படுங்கள். இதயத்தசையோ நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை சுருங்குகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் கிடைக்கிற நேரம்தான் அதற்கு ஓய்வு.

கொழுந்துக் கூடையின் பாரத்தை நெற்றிப் பட்டியில் தாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேபாளத்துச் சுமைதூக்கிகள் நம் அம்மாமாரைப் போலவே தலையில் பட்டி போட்டு முதுகில் சுமக்கிறார்கள். அவர்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2005இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பாரமான சுமையை அவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த சக்திச் செலவில் தூக்குகிறார்கள், மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நின்று ஓய்வெடுக்கிறார்கள். ஓய்வும் அந்தத் திறமையின் ஒரு பகுதி என்பதைக் கவனியுங்கள். நிறுவைக்கு நேரமாகிறது என்று விரட்டப்படுகிற கழுத்துக்கு அந்த வசதி இல்லை.

கடைசியாகச் சாப்பாடு. தசை புரதத்தால் கட்டப்படுவது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17. தோட்டப்புறத்தில் அது ஏறக்குறைய 32. அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது நம் 6ஆம், 7ஆம், 8ஆம் தர வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வயிற்றை நிரப்பும், தசையை வளர்க்காது. பருப்பு, கடலை, கௌபி, நெத்தலி, முட்டை, முருங்கைக்கீரை இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பாடத்தோடு சேர்த்தே சொல்லுங்கள். வாங்க முடியாத வீட்டைக் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லாதீர்கள். சம்பளம் போதாமையைப் பிள்ளையின் தலையில் போட முடியாது.

பாடத்திட்டத்தை முடிக்க நேரம் வேண்டுமே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒரு பாடவேளை முழுவதும் இதற்கு வேண்டாம். முன்கையைப் பிடித்துப் பார்ப்பது, விரல்களைக் கோத்துக் காட்டுவது, வாசற்படியில் ஏறி இறங்கித் தொடையைத் தொட்டுப் பார்ப்பது, இந்த மூன்றுக்கும் 15 நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் படத்தை மாட்டி, பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டு வேலையாக ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். 'இன்று வேலை முடிந்து வந்ததும் அம்மாவுக்கு, அப்பாவுக்கு எந்த இடத்தில் வலி? அந்த இடத்தில் என்ன தசை இருக்கிறது, அது எதை இழுக்கிறது?' மறுநாள் அந்தப் பதில்களை வைத்தே அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.