மணி அடித்தால் யார் எழுந்திருப்பார்கள்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



பழைய நினைவுகளைப் பேசச் சொல்லித்தான் சங்கச் செயலாளர் என்னை அழைத்தார். நான் தீயைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "நல்ல நாள் அதுவுமா ஏம்ப்பா அந்தப் பேச்சு?" என்றார். நினைவும் தீயும் ஒன்றாகச் சேர்ந்த சம்பவம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

எங்கள் காலத்தில் விடுதி உணவுக்கூடத்து வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். சாப்பாட்டுக்கு அதுதான் மணி. படிப்பு நேரத்துக்கும் அதே மணி, தண்ணீர் லாரி வந்தாலும் அதே மணி. பரீட்சைக்கு முந்தைய இரவுகளில் யாராவது ஒரு புண்ணியவான் நள்ளிரவில் அதை அடித்துவிட்டு ஓடிவிடுவான். நானும் இரண்டு தடவை அந்தப் புண்ணியத்தைச் செய்திருக்கிறேன்.

2008-ல் ஒரு ராத்திரி மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. நாங்கள் யாரும் எழவில்லை. முதலாண்டுத் தம்பி ஒருவன் கதவைத் தட்டி, "அண்ணா, பாத்ரூம்ல புகைண்ணா" என்றான். "போய்ப் படுடா, எங்களுக்கேவா?" என்றேன். வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு யாரோ தூங்கிப் போயிருக்கிறார்கள். தண்ணீர் வற்றி, பிளாஸ்டிக் வாளி உருகி, கதவில் பற்றிவிட்டது. அந்தத் தம்பி தனியாகவே போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தான். முதலில் கரண்டை நிறுத்த வேண்டும், தண்ணீரை ஊற்றக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்கும் காயமில்லை. காலையில் அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலைக்குப் போய்ப் பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார்ந்தபோதுதான், இதே கதை அமெரிக்காவில் உயிரிழப்போடு நடந்திருப்பது தெரிந்தது. நியூஜெர்சி மாநிலத்தில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகம். 2000 ஜனவரி 19, விடியற்காலை நாலரை மணி. முதலாண்டு மாணவர் விடுதியில் தீ. எச்சரிக்கை மணி ஒழுங்காகத்தான் அடித்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் எத்தனையோ தடவை அது பொய்யாக அடித்திருந்தது. வழக்கமான கூத்துதானே என்று படுக்கையிலேயே கிடந்தவர்கள் உண்டு. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதன்பிறகு அந்த மாநிலத்தில் மாணவர் விடுதிகள் எல்லாவற்றிலும் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் பொருத்த வேண்டும் என்று சட்டமே வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் கும்பகோணம் இருக்கிறது. 2004 ஜூலை 16. நான் அப்போது பிளஸ் ஒன். சமையற்கூடத்துக் கீற்றில் பிடித்த தீ மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான வழி. 94 குழந்தைகள். அந்த வாரமே எங்கள் பள்ளியில் சைக்கிள் கொட்டகையின் கீற்றைப் பிரித்துப் போட்டார்கள். தமிழ்நாடு முழுக்கவே பள்ளிக் கூரைகள் மாறின. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் சேர்ந்ததே என்று சொல்லி, தீயணைப்புக் கருவியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கட்டாயம் என்று உத்தரவிட்டது. கூரையை மாற்றினோம், சரி. பயிற்சி? இங்கே இருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் தீயணைப்பானின் பின்னைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள். ... ஐந்து பேர். பரவாயில்லை, நான் மூன்று என்று நினைத்து வந்தேன்.

2019 மே 24-ல் சூரத் நகரில் ஒரு டியூஷன் சென்டரில் தீப்பிடித்தபோது படிக்கட்டு வழியாக இறங்க முடியாமல் பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 22 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் இன்னொரு வழி எங்கே என்று கண் தானாகத் தேடுகிறது. நேற்று மாலை நம் விடுதியிலும் தேடினேன். பின்பக்கப் படிக்கட்டு இருக்கிறது. அதன் கிரில் கதவில் பூட்டு இருக்கிறது. சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை; திருட்டுப் பயம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. வெளியே பூட்டாகவும் உள்ளே தள்ளினால் திறப்பதாகவும் இருக்கும் தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது.

சரி, மணிக்கு வருகிறேன். பக்கத்தில் மேட்டூர் அணையில் உபரி நீர் திறப்பதற்கு முன் அபாயச் சங்கு ஊதுவார்கள். கரையோரத்துப் பாட்டிக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும். அந்தச் சங்கு சாப்பாட்டுக்கு ஊதாது. நமக்கும் அப்படி ஒரே வேலைக்கென்று தனிச் சத்தம் வேண்டும். தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டிய இடத்தில், கதவு சாத்தியிருந்தாலும் தலைமாட்டில் 75 டெசிபல் கேட்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை 2189 சொல்கிறது. வராண்டா கோடியில் ஒரு பெல் வைத்தால் அந்த அளவு வராது.

அதை யார் அடிப்பது? வார்டனைக் கேட்டு, அவர் அலுவலகத்தைக் கேட்டு அடிப்பதற்குள் புகை மாடிக்குப் போய்விடும். பார்த்தவன் அடிக்க வேண்டும். தவறாக அடித்துவிட்டால்? திட்டக் கூடாது. ஆனால் ஏன் அடித்தது என்று அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும். காரணம் தெரியாத மணி நாலு தடவை அடித்தால் ஐந்தாம் தடவை என்னைப் போன்றவன் போர்வையை இழுத்துக்கொள்வான். விளையாட்டுக்கு அடிப்பவனை மட்டும் மன்னிக்காதீர்கள். நான் அடித்தது அந்தக் காலம்!

101-க்குச் சொன்னால் தீயணைப்பு வண்டி நிச்சயம் வரும். 112-ம் இருக்கிறது. ஆனால் மேச்சேரிச் சந்தை நாளில் நம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வண்டி வரும்வரை உள்ள நிமிடங்கள் நம்முடையவை.

எங்கள் அணியினர் கல்லூரி வாசலில் வளைவு கட்ட நிதி திரட்டியிருக்கிறோம். அந்தப் பணத்தில் முதலில் சங்கும் தாழ்ப்பாளும் வாங்கலாம் என்பது என் வேண்டுகோள். நண்பர்கள் சிலர் முறைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டில் பேசிக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று. கையால் சுற்றும் சங்கு ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். முதல்வர் அனுமதியோடு இன்றிரவு விடுதியில் ஒருமுறை ஊதப்போகிறோம். நேரம் சொல்ல மாட்டேன். செருப்பு, செல்போன் தேடாமல் இறங்கி வந்து வேப்பமரத்தடியில் நில்லுங்கள். பின்கதவுப் பூட்டை வாட்ச்மேன் அண்ணன் இன்று கழற்றி வைக்கிறார். தலையை எண்ணப்போவது அன்றைக்கு மணி அடித்த அந்தத் தம்பிதான்; மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நான் முதல் ஆளாக வந்து நிற்பேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.