பொம்மையின் பிடரி

நேயர்களே, பழைய பிரெஞ்சுப் பொம்மையின் முகத்தில் மயங்காதீர்கள், பிடரியைப் பாருங்கள். பதிகத்தின் கடைக்காப்பிலே பாடியவர் பெயரைத் தேடுகிறோமல்லவா, அதுபோலத்தான். மெருகிடாமற் சுட்ட பீங்கான் தலையிலே, பொய்மயிர் மறைக்கும் இடத்தில், பெரும்பாலும் செய்தவர் குறி இருக்கும். ஜூமோ நிறுவனத்தார் பல தலைகளிற் சிவப்பு முத்திரை குத்தினர். உடலிலோ, 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிற் பெற்ற பொற்பதக்கத்தை நீல மையிற் பறைசாற்றினர். ஆகவே, பதக்கம் பேசும் உடல் அவ்வாண்டுக்கு முந்தியதாகாது. இமைமயிரை இழையிழையாகத் தீட்டிய பெண்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

1899இல் ஜூமோ, புரூ முதலிய போட்டியாளர் ஒரே சங்கமாயினர், எஸ்.எப்.பி.ஜே. என்ற நான்கெழுத்துப் பிறந்தது. அச்சங்கத்தின் தலைகள் சில ஜேர்மனியில் வார்க்கப்பட்டவை! தலையொன்று, உடலொன்றாகப் பொருத்தி விற்பாரும் உளர். பொய்மயிரைக் கழற்றிக்காட்ட மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நன்று.