தறிக்கு அட்டை, நிரலுக்குச் சொல்



காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பொறி அமைந்திருப்பதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அட்டையில் துளையுள்ள இடத்திற்குரிய பாவு இழை மேலெழும். துளையில்லாத இடத்திற்குரியது கீழேயே நிற்கும். அட்டைக் கோவையை மாற்றினால், அன்னம் நெய்த அதே தறி மயில் நெய்யும். 1804-இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த இம்முறையைச் சார்லஸ் பாபேஜ் தம் கணிதப் பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். செய்ய வேண்டிய செயலைக் கூறும் அட்டை வேறு, எந்த எண்களைக் கொண்டு செய்வது என்று கூறும் அட்டை வேறு என அவர் பிரித்தும் வைத்தார்.

அப்பிரிவினையை இன்று கணிப்பொறியின் கட்டளை வரியிலும் காணலாம். ‘கூட்டு 2 3’ என்று தட்டுவதாகக் கொள்வோம். கூட்டு என்பது நிரலின் பெயர். பின்வருவன அதற்கு நாம் தரும் மதிப்புகள், ஆர்கியுமெண்ட் என்பர். ஒரு தறியில் நெய்த சேலை இரண்டு, மற்றொன்றில் மூன்று. நாளை எண்கள் மாறினால் நிரலைத் திருத்த வேண்டுவதில்லை.

இடர் இனித்தான் வருகிறது. இம்மதிப்புகள் எண்களாக அன்றி, வெறும் எழுத்துகளாகவே நிரலை அடைகின்றன. பைத்தான் மொழியில் அவற்றை அப்படியே கூட்டினால் 2-உம் 3-உம் ஒட்டிக்கொண்டு 23 ஆகும். நெசவாளர் ஐந்து சேலை தர, கணக்கில் இருபத்து மூன்று ஏறிவிடும். பொறியோ பிழையென்று ஒரு சொல்லும் கூறாது! ஆதலின் முதலில் எண்ணாக மாற்றுதல் வேண்டும். (தமிழ் எண்ணுருவாகிய ௨-ஐத் தந்தாலும் பைத்தான் அதனை இரண்டென்றே கொள்ளும், ‘இரண்டு’ என்று எழுதினால் மறுத்துவிடும்.)

இடைவெளியும் ஏமாற்றக்கூடியது. மயில் கண் என்னும் கரை வகையைத் தட்டினால் ‘மயில்’ ஒன்று, ‘கண்’ ஒன்று என இரண்டு மதிப்புகளாகப் பிரிந்துவிடும். இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் ஒன்றாய் நிற்கும்.

எத்தனை மதிப்புகள் வந்தன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணுகையில் நிரலின் பெயரும் பட்டியலில் முதலாவதாக நிற்பதால், நம் கூட்டுக்கு மூன்று இருத்தல் முறை. குறைந்தால், எவ்வாறு தட்ட வேண்டும் என்பதைப் பிழைச் செய்திக்குரிய வழியில் எழுதிவிட்டு, சுழியம் அல்லாத முடிவெண்ணுடன் நிரல் நின்றுவிட வேண்டும். அவ்வெண்ணைக் கண்டுதான், இந்நிரலை இயக்கிய நிரல் இது முறிந்ததென்று அறியும்.