நிறைமாதத்தில் இரவுக் கால் குடைச்சல்



இன்று நான் பேசப்போவது ஒரு சின்ன உபாதையைப் பற்றி. சின்னது என்று வாயால் சொல்லிவிடலாம். அனுபவிக்கிறவளுக்கு அது சின்னது அல்ல. ஏழு, எட்டு மாதம் ஆனபிறகு சில கர்ப்பிணிகளுக்குப் பகலெல்லாம் ஒரு தொந்தரவும் இருக்காது. பொழுது சாய்ந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் பாயில் சாய்ந்ததும் ஆரம்பிக்கும். என்ன செய்கிறது என்று கேட்டால் ஒவ்வொருத்தி ஒவ்வொரு விதமாகச் சொல்வாள். "எறும்பு ஊருதுங்க" என்பாள் ஒருத்தி. "எலும்புக்குள்ளே குடையுது" என்பாள் இன்னொருத்தி. "சொல்லத் தெரியலே, என்னமோ பண்ணுது, காலை வெச்ச இடத்திலே வெச்சிருக்க முடியலே" என்பார்கள் பலர். எழுந்து நாலு தப்படி நடந்தால் விட்டுவிடும். அப்பாடா என்று படுத்தால் மறுபடியும் வந்துவிடும். இப்படியே ஒரு மணி, இரண்டு மணி. ஊரே உறங்கும்போது இவள் மட்டும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

இதற்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். "காலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்று மாமியார் சொல்வார். "நாங்க பெறாத பிள்ளையா?" என்று பெரியம்மா கேட்பார். விடியற்காலை தண்ணீர் பாய்ச்சப் போகவேண்டிய கணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். இன்னும் சில வீடுகளில், ராத்திரி நடக்கிறாளே, எங்கேயோ பயந்துவிட்டாள் என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. கட்டிக்கொண்டு, கிராம சுகாதார செவிலியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஏனென்றால் இது அவள் வேண்டுமென்று செய்கிற சேட்டையும் அல்ல, மனப் பிரமையும் அல்ல. உடம்பில் உள்ள ஒரு கோளாறு. 1672-லேயே இங்கிலாந்தில் வில்லிஸ் என்ற டாக்டர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945-ல் சுவீடன் நாட்டு டாக்டர் எக்போம் விரிவாக ஆராய்ந்து, அமைதியில்லாத கால்கள் என்ற பொருளில் இதற்குப் பெயரும் வைத்தார். பல நாடுகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது. கடைசி மூன்று மாதங்களில்தான் அதிகம். தாய்க்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் இவளுக்கும் வர வாய்ப்பு உண்டு.

கால் தொந்தரவு எல்லாம் ஒன்று அல்ல. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கெண்டைக்கால் சதை திடீரென்று கல் மாதிரி இறுகி உயிர் போகிற மாதிரி வலித்தால் அது பிடிப்பு. குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலே மடக்கினால் விட்டுவிடும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் தாங்க முடியாத அரிப்பு எடுத்தால் அது வேறு. கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், குழந்தைக்கும் ஆபத்து உண்டு, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகச் சிவந்து, தொட்டால் வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை யாரும் அமுக்கக் கூடாது, எண்ணெய் போட்டு நீவக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் இருந்தால் அது இரத்தக் கொதிப்பின் அறிகுறி. 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நான் சொல்கிற குடைச்சலுக்கு அடையாளம் இதுதான். சும்மா இருந்தால் வரும், நடந்தால் போகும், பொழுது சாய்ந்தால் கூடும். காலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காரணம் என்ன? முழுவதும் இன்னும் விளங்கவில்லை. ஆனால் முக்கியமான ஒரு காரணம் இரும்புச் சத்துக் குறைவு. காலை அசைக்கவும் அமைதியாக வைக்கவும் உத்தரவு கொடுப்பது மூளை. அந்த வேலை சரியாக நடக்க மூளைக்கு இரும்புச் சத்து வேண்டும். கர்ப்ப காலம் முழுவதற்கும் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. குழந்தையும் நச்சுக்கொடியும் 300 மில்லிகிராம் போல எடுத்துக்கொள்கின்றன. தாயின் இரத்தம் பெருகுவதற்கு இன்னும் அதிகம் வேண்டும். குழந்தை கடைசி மூன்று மாதத்தில்தான் நிறைய எடுத்துக்கொள்ளும். கால் குடைச்சலும் அதே நேரத்தில் தலைகாட்டுவதைக் கவனியுங்கள்.

"இரத்தம் பரிசோதித்தார்கள், சரியாக இருக்கிறது என்றார்களே, பிறகு ஏன்?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வீட்டில் குதிர் இருக்கிறது, அடுக்களையில் அரிசிப் பானை இருக்கிறது. பானையில் அரிசி இருக்கிறது என்பதால் குதிரில் நெல் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஹீமோகுளோபின் என்பது பானை அரிசி. உடம்பின் சேமிப்பு இரும்பு குதிர் நெல். குதிர் காலியான பிறகுதான் பானை குறையும். ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் குடைச்சல் விடவில்லை என்றால், ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நம் பக்கத்துப் பெண்களுக்குப் பானையே குறைவாக இருப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கால் குடைச்சலோடு போகாது. குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக இரத்தம் போனாலும் தாயின் உடம்பு தாங்காது. குடைச்சலால் மட்டும் வயிற்றில் உள்ள குழந்தைக்குக் கேடு வராது. ஆனால் அது உள்ளே இருக்கிற குறையைக் காட்டிக் கொடுக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு பேசுகிறேன்.

நான் பார்த்த ஒரு வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி. பல வாரங்களாகத் தூக்கமில்லை. பேசிக்கொண்டே முறத்தில் இருந்த பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பச்சரிசி, சாம்பல், அடுப்புக்கரி, மண் இவற்றின் மேல் ஆசை வருவதே இரும்புச் சத்து குறைந்ததற்கு ஒரு அடையாளம். "சிவப்பு மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா?" என்று கேட்டேன். பரண் மேல் இருந்த தகர டப்பாவை மாமியார்தான் எடுத்துவந்தார். மூன்று மாதத்து மாத்திரை பிரிக்காமல் இருந்தது. சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்குமாம்; பிள்ளை பெரிசாகிப் பிரசவம் கஷ்டமாகுமாம். இரண்டுமே தவறு. பிள்ளையின் நிறம் பெற்றவர்களிடமிருந்து வருவது, மாத்திரையிலிருந்து அல்ல. மலம் கறுப்பாகப் போகும், உண்மை. அது உடம்பில் சேராமல் மிஞ்சிய இரும்பினால் வருகிற நிறம், பயப்பட வேண்டாம். அந்தப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்தம் பார்த்து, இரும்புச் சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். சில வாரங்களில் குடைச்சல் குறைந்து, இரவில் ஒரே மூச்சாக நாலைந்து மணி நேரம் தூங்க முடிந்தது என்று அவள் சொன்னாள்.

சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். இரத்தசோகை இருந்தால் டாக்டர் தினம் இரண்டு கொடுப்பார். மாதம் ஏறிவிட்டாலோ, மாத்திரையில் குணம் தெரியாவிட்டாலோ ஊசி மருந்தாக ஏற்றுவார்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். குமட்டினால் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் டீ, காப்பி, பால் இவற்றோடு விழுங்கினால் பாதிச் சத்து வீணாகும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சம் பழச்சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, கம்பு, சுண்டல், அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஆட்டுச் சுவரொட்டி எல்லாம் நல்லதுதான். பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்துகிறார்களே, அது சரியில்லை. நாலைந்து பழத்தில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரை இராப்பொழுதை எப்படிக் கழிப்பது? சாயங்காலம் தெருவில் மெதுவாக ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். படுக்குமுன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டிக் கெண்டைச் சதையை இழுத்துவிடுங்கள், மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் காலை வைத்திருப்பது சிலருக்குக் கேட்கும். சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் கேட்கும். எது இதமோ அதைச் செய்யுங்கள். துண்டைக் காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பது நம் பெண்களின் பழைய வழக்கம். கையால் அமுக்கிவிட்டாலே அந்தச் சுகம் கிடைக்கும். இரவெல்லாம் இறுக்கிக் கட்டிவைப்பது கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு டீயும் காப்பியும் வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அது குழந்தைக்கே நேரடியாகக் கெடுதல்.

மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்காதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற, தூக்கம் வரவழைக்கும் சில மாத்திரைகளும், வாந்திக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் இந்தக் குடைச்சலைக் கூட்டிவிடும். போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சகோதரர்களே, இனி உங்களிடம். பெண்டாட்டி காலைப் பிடிப்பதா என்று சிரிப்பீர்கள். இந்த இரண்டு மூன்று மாதம் பிடியுங்கள், தப்பில்லை. ஒரு பத்து நிமிஷம் நல்லெண்ணெய் தொட்டு, முழங்காலிலிருந்து பாதம் வரை மெதுவாக நீவிவிட்டால் அவள் ஒரு தூக்கம் தூங்குவாள். இராத்திரி தூங்காதவளுக்குப் பகலில் ஒரு மணி நேரம் படுக்க நேரம் வேண்டும். தண்ணீர்க் குடத்தையும் மாட்டுத் தீவனத்தையும் அந்த நேரத்தில் யார் பார்ப்பது என்பதை நீங்களும் உங்கள் தாயாரும் பேசி முடிவு செய்யுங்கள். தூக்கமில்லாமல் அவள் எரிந்து விழுந்தால் அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். பட்டுப்புடவை, வளையல், பலகாரக் கூடை எல்லாம் போகிறது. மாத்திரை டப்பா இங்கேயே பரண் மேல் தங்கிவிடுகிறது. தாய் சேய் நல அட்டையையும் மாத்திரையையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். அந்த ஊர் செவிலியரிடம் பெயர் பதியச் சொல்லுங்கள். அவளுக்கு இரவில் கால் குடைகிறது என்பதை மாமியாரிடம் நீங்களே சொல்லுங்கள். பெண் சொன்னால், வீட்டுக்கு வந்த செல்லம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மாப்பிள்ளை சொன்னால் கேட்பார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலோருக்குச் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் இந்தக் குடைச்சல் தானாகப் போய்விடும். போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும், தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கும் அது நல்லது. அடுத்த கர்ப்பத்தில் குடைச்சல் திரும்ப வரலாம். குதிர் நிரம்ப அவகாசம் வேண்டும் அல்லவா? பிரசவமாகி இரண்டு வருடமாவது கழித்து அடுத்த கர்ப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பர் டி முதலிய தற்காலிக முறைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பிரசவித்து இரண்டு மாதம் ஆகியும் குடைச்சல் தொடர்ந்தால், தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வருகிற நாளில் டாக்டரிடம் உங்கள் காலையும் காட்டிவிட்டுப் போங்கள்.