‘இரவில் மட்டுமே’ என்று சொன்னேன்



விலங்குகளின் வலசை பற்றி எட்டாம் வகுப்பில் பேசும்போது, அட்லாண்டிக் சால்மன் மீனின் இளம் பருவத்தைச் சொன்னேன். ஆற்றில் பிறந்து வளரும் அவை வசந்த காலத்தில் கடலுக்கு இறங்கும். “இரவில் மட்டுமே போகும், எதிரிகளுக்குப் பயந்து” என்றேன். “எல்லா நாளுமா சார்?” என்றாள் ஒரு மாணவி. “ஆமாம், உட்காரும்மா” என்று முடித்துவிட்டேன்.

அன்று மாலை தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் ஃபுரோம் ஆற்றில் கணக்கெடுத்திருக்கிறார்கள். தண்ணீர் சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தபோது பெரும்பாலும் இரவில்தான் இறங்கின. அதற்கு மேல் சூடானதும் பகலிலும் இறங்கின.

காரணம் நாம் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது. மீன் குளிர் இரத்தப் பிராணி. தண்ணீர் குளிர்ந்தால் அதன் தசையும் மந்தமாகும். நீர்க்காகமும் நீர்நாயும் வெப்ப இரத்தப் பிராணிகள். குளிரிலும் அவற்றின் வேகம் குறையாது. ஆகவே குளிர்நாளில் இருட்டே காவல். தண்ணீர் சூடானால் மீனும் விரைந்து தப்பலாம் என்பது ஆய்வாளர் விளக்கம். ‘இரவில் மட்டுமே’ என்று நம்பி அணை விசையாழியை இரவில் மட்டும் நிறுத்தினால், பிந்தி வருபவை பகலில் அதில் சிக்கும்.

மறுநாள் தவறை ஒப்புக்கொண்டு, இந்த விவரத்தைப் பலகையில் எழுதி, காரணம் கேட்டேன். பலரும் ‘மீனுக்கு வெயில் பிடிக்கும்’ என்று எழுதினார்கள். அந்த மாணவி எழுதியது: ‘குளிர்ல அதால ஓட முடியாது சார்.’