மதிப்பீட்டாளரின் கவனக்குறைவும் வீடு வாங்குவோரின் உரிமையும்

சொந்த வீடு என்பது நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் ஒருமுறை மேற்கொள்ளும் பெரும் முதலீடாகும். சேமிப்பும் நகையும் அதில் சென்று சேர்கின்றன; எஞ்சிய தொகைக்கு நீண்ட காலக் கடன். கடன் தரும் வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பி வீட்டைப் பார்வையிடச் செய்கிறது. அதற்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் செலுத்துபவர் வீடு வாங்குபவர். அறிக்கையோ வங்கிக்குச் செல்கிறது. அவ்வறிக்கை கவனக்குறைவாகத் தயாரிக்கப்பட்டிருப்பின், நட்டத்தை ஏற்க வேண்டியவர் யார்?

வாங்குபவருக்கும் மதிப்பீட்டாளருக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் இல்லை என்பதே இதிலுள்ள சிக்கல். ஒப்பந்தம் இல்லாவிடினும், தம் சொல்லை நம்பிச் செயல்படுவோரிடம் ஒருவருக்குக் கவனக் கடமை எழலாம் என இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1963இல் ஹெட்லி பர்ன் வழக்கில் கூறிற்று. எனினும், பொறுப்பேற்க இயலாது என்ற முன்னறிவிப்பு அவ்வழக்கில் எதிர்த்தரப்பு வங்கியைக் காத்தது.

அத்தகைய வாசகம் வீடு வாங்குவோர்க்கு எதிராகவும் செல்லுமா என்ற வினாவுக்கு 1989இல் அதே சபை ஸ்மித் வழக்கில் விடையளித்தது. நார்விச் நகரில் ஒரு பெண்மணி அறிக்கையை நம்பி எளிய வீடொன்றை வாங்கினார். முக்கியப் பழுது ஏதும் இல்லை என்றது அறிக்கை. கீழே புகைபோக்கியின் சுவர்ப்பகுதி அகற்றப்பட்டிருந்ததை மதிப்பீட்டாளர் கண்டிருந்தும், மேலே எஞ்சிய பகுதிக்குத் தாங்கல் உண்டா என ஆராயவில்லை. சுமார் பதினெட்டு மாதங்களில் அது இடிந்து படுக்கையறைக் கூரையைப் பிளந்து விழுந்தது.

பொறுப்புத் துறப்பு வாசகம் 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டப்படி நியாயமானதன்று எனத் தீர்ப்பாயிற்று. இரு தரப்பினரின் பேரம் பேசும் வலிமை சமமானதா, வேறு ஆலோசனை பெறுவது வாங்குபவருக்கு இயலுமா, பணி எத்துணைக் கடினமானது, இழப்பைக் காப்பீட்டின் மூலம் தாங்கவல்லவர் யார் என்பன அங்கு எடைபோடப்பட்டன. எளிய வீடுகளுக்குரிய இம்முடிவு, தொழிற்கூடங்களுக்கும் மிக விலையுயர்ந்த மாளிகைகளுக்கும் அப்படியே பொருந்தாது என்றும் சுட்டப்பட்டது.

இங்கு இரண்டு வரம்புகள் கருதத்தக்கன. மதிப்பீடு என்பது முழுமையான கட்டுமான ஆய்வன்று. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியைத் தொடர்ந்து ஆராயாமல் விடுவதே தவறு. இழப்பீடும் பொதுவாகப் பழுதுபார்க்கும் செலவன்று. கொடுத்த விலைக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாடே அதன் அளவுகோல்.

இந்திய நீதிமன்றங்களை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது, வழிகாட்டியாகக் கொள்ளப்படலாம். 2017ஆம் ஆண்டின் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் கம்பெனிச் சட்டத் தேவைகளுக்கானவை. கடன் பெற்று வீடு வாங்குவோரின் உரிமையை அவை வரையறுக்கவில்லை. ஆனால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவையை அமர்த்தியவரின் ஒப்புதலுடன் அதன் பயனைப் பெறுபவரையும் நுகர்வோராக ஏற்கிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தையும் வரையறுக்கிறது. கட்டணம் செலுத்தி அறிக்கையை நம்புபவர் நிவாரணம் கோரி வாதிட இதில் இடமுண்டு.

வழக்கிற்கு முன்பே செய்யத்தக்கது ஒன்று உண்டு. அறிக்கையின் படியை வாங்குபவரிடம் தருவதும், எதை ஆராயவில்லை என்பதை அதில் தெளிவாக எழுதுவதும் வங்கிகளுக்குப் பெருஞ்சுமையல்ல. வீட்டின் குறை, கிரயம் முடியுமுன் தெரிய வேண்டும். கூரை விழுந்த பின் கிடைக்கும் இழப்பீடு அதற்கு ஈடாகாது.