பத்து வெள்ளியில் வளர்ந்த நம்பிக்கை

(ஆலய ஆண்டுத் திருவிழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலயத்திற்கு வருவோர் இறைவன் திருமுன் வைக்கும் வேண்டுதல்கள் பலவகைப்படும். மகளின் திருமணம், மகனின் வேலை, தாயின் உடல்நலம் என்று அவை விரியும். ஆனால் பூசை முடிந்து அன்னதானப் பந்தியில் அமர்ந்ததும் எழுகின்ற பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். "இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு எதிர்காலம் உண்டா?" என்பதே அது. ஒருவர் சிங்கப்பூருக்குச் சென்றுவிட்ட மகனைப் பற்றிக் கூறுவார். மற்றொருவர் நல்ல தேர்ச்சி பெற்றும் விரும்பிய துறையில் இடம் கிடைக்காத மகளைப் பற்றிக் கூறுவார். மூன்றாமவர், "கவலைப்படாதீர்கள், முருகன் பார்த்துக்கொள்வான்" என்பார். பாயசம் வந்து சேர்வதற்குள் பந்தி இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடும்.

இவ்விரு கட்சிகளில் எது சரியானது என்று அறிவதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் வரலாறே அதற்குத் தக்க சான்று பகரும்.

கோலகங்சாரில் ஒரு முதிய ரப்பர் மரம் இன்றும் நிற்கின்றது. 1877ஆம் ஆண்டில் அங்கு நடப்பட்ட 9 கன்றுகளுள் எஞ்சியது அது. நட்ட காலத்தில் அதனைப் பெரிதாக மதித்தவர் எவருமில்லை. தோட்ட முதலாளிகளின் நாட்டமெல்லாம் காப்பிப் பயிரின் மீதே இருந்தது. மோட்டார் வண்டி பெருகிய பின்னரே மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்காகவே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இலும் கங்காணி முறை 1938இலும் முடிவுற்றன. அதற்குள் பேராக்கின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிவிட்டன.

மறுபுறம் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்தது. ஈப்போ கோடீசுவரர்களின் நகரம் என்று பெயர் பெற்றது. மண்ணுக்கடியில் ஈயம் இருக்கும்வரை ஊருக்குக் குறைவில்லை என்று நம்பி வாழ்ந்தோர் பலர். 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்தது. இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிபம் நிறுத்தப்பட்டது. விலை பாதியளவிற்குச் சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பத்து காஜா, கம்பார் வட்டாரங்களில் வேலையிழந்தோர் வேற்றூர்களுக்குச் சென்றனர். மண்ணுக்கடியில் ஈயம் அப்போதும் இருந்தது. அதனைத் தோண்டுவதால் கிடைக்கும் ஊதியமே இல்லாமற் போயிற்று. நன்மையே நிகழும் என்று கணக்குப் போட்டவர்களின் கணக்கு அவ்வாறு பொய்த்தது.

அப்படியாயின் கவலைப்பட்டவர்களின் கணக்காவது பலித்ததா என்று பார்க்க வேண்டும்.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. அந்தப் புண் ஆறுவதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. முள்வேலியும் ஊரடங்கும் அன்றாட வாழ்வாயின. அந்நாளில் சுங்கை சிப்புட்டில் நின்று, "இந்த நாடு இனித் தேறாது" என்று ஒருவர் கூறியிருந்தால் அவரை மறுத்துப் பேச எவராலும் இயன்றிராது. ஆயினும் 9 ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. 1960 ஜூலை 31இல் அவசரகாலமும் முடிவுற்றது. 1969ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கலவரத்தின்போதும், 1998இல் நாணயம் வீழ்ந்தபோதும் இதே சொல் மீண்டும் கேட்டது. நாடு காயம்பட்டது, எனினும் நிலைத்து நின்றது.

ஆகவே இருசாராரின் கணக்கும் பொய்த்தது என்பதே வரலாறு. இவ்விரு சாராரையும் கடந்து, வருவது என்னவென்று அறியாமலே செயலில் இறங்கியவர்கள் சிலர் இதே பேராக் மண்ணில் இருந்தனர். அவர்களைப் பற்றி எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். தோட்டத் தொழிலாளிக்கு வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி, குலதெய்வத்தின் கோயில் ஆகிய நான்கும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. எனவே தோட்டம் கைமாறிய அன்றே நான்கும் அவன் கையை விட்டு நழுவின. மண்வெட்டியும் தட்டுமுட்டுச் சாமான்களும் சாலையோரத்தில் கிடக்க, குடும்பங்கள் போக்கிடமின்றித் தவித்தன.

அந்நிலையில் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவரும், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவரும் அமைச்சருமாக விளங்கியவருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களே பங்குதாரர்களாகித் தோட்டத்தை வாங்க வேண்டும் என்பது திட்டம். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலியாகச் சில வெள்ளிகளே பெற்ற காலத்தில் 10 வெள்ளி என்பது சிறு தொகையன்று. பொழுது விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கின் ஒளியில் பால்மரம் வெட்டியவர்களின் பணம் அது. மாதந்தோறும் அத்தொகையைக் கட்டியவர்களுக்கு நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி உறுதிமொழி எதனையும் எவரும் அளிக்கவில்லை. கட்டினார்கள், அவ்வளவுதான். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் உடைமையாயின. அச்சங்கம் இன்றும் இயங்குகின்றது.

உண்மையை மறைத்துப் பேசுதல் ஆலயத்தில் தகாது. எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் காப்பாற்ற இயலவில்லை. பெரும்பாலானவை கைவிட்டுப் போயின. ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. 1990களின் தொடக்கத்தில் உலக ரப்பர் உற்பத்தியில் மலேசியா தன் முதலிடத்தைத் தாய்லாந்திடம் இழந்தது. தோட்ட மக்கள் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர். 1957இல் மலாயா மக்களில் நூற்றுக்கு 11 பேர் இந்தியர். சபா, சரவாக் உள்ளிட்ட மலேசியாவின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 7க்கும் கீழே இறங்கியது. விடுதலையின்போது 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல் உள்ளன. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரவர் திரண்டதற்கும், 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 1998க்குப் பிறகு காணாத வீழ்ச்சியைக் கண்டபோது குடும்பங்கள் கலங்கியதற்கும் காரணங்கள் உண்டு. கவலைப்படுவோரைக் கோழைகள் என்று எவரும் இகழ வேண்டியதில்லை. அவர்கள் கண்ணால் கண்டதையே கூறுகின்றனர்.

எனினும் கவலை எந்த இடத்தில் தீங்காகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ அடுத்தடுத்த இரண்டு வீடுகள் இருப்பதாகக் கொள்வோர்க்கு இது விளங்கும். இரண்டிலும் எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளை உண்டு. முதல் வீட்டுத் தந்தை, "எத்தனை ஏ எடுத்தாலும் இடம் கிடைக்கவா போகிறது?" என்று சலித்துக்கொள்கிறார். அடுத்த வீட்டுத் தாய், "பால்குடம் எடுத்திருக்கிறேன், எல்லாம் தானாக நடக்கும்" என்று மன அமைதி கொள்கிறார். ஒருவர் அவநம்பிக்கையின் சிகரம்; மற்றவர் நம்பிக்கையின் வடிவம். ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாள் கழிந்த மறுநாள் காலையில் இரு வீடுகளுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் விண்ணப்பம் அனுப்பப்படவில்லை. இரு பிள்ளைகளும் தொழிற்சாலைப் பேருந்துக்கு ஒரே நிறுத்தத்தில் காத்து நிற்கின்றனர்.

திருக்குறளின் 133 அதிகாரங்களில் நம்பிக்கை என்று பெயரிய அதிகாரம் இல்லை. வள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாக வைத்தார். அடுத்து மடியின்மை, அதற்கடுத்து ஆள்வினையுடைமை, அதன் பின்னரே 63ஆம் அதிகாரமாக இடுக்கண் அழியாமையை அமைத்தார். சோம்பலை நீக்கி முயற்சியில் ஈடுபட்டவனுக்கே துன்பத்தில் கலங்காத உள்ளம் வாய்க்கும் என்று இவ்வரிசைக்குப் பொருள் கொள்ளலாம். திருநாவுக்கரசர் பெருமானின் திருக்கரத்தில் உழவாரம் இருப்பதும் இதனையே உணர்த்துகின்றது. நாவால் பாடியவர் அவர். அதே வேளையில் திருக்கோயில் முற்றத்துப் புல்லைக் கையால் செதுக்கியவரும் அவரே.

ஈயம் போன பேராக்கில் வாழ்வு நின்றுவிடவில்லை என்பதற்கும் சான்றுகள் உள்ளன. கம்பாரில் ஈயம் தோண்டிய நிலத்தின்மேல் 2007 முதல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இயங்கி வருகின்றது. நாட்டின் முதல் பொலிடெக்னிக் கல்லூரியான உங்கு ஓமார் 1969இல் ஈப்போவில்தான் தொடங்கப்பட்டது. புந்தோங்கின் கச்சான் பூத்தே கிராமத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலையும் முறுக்கும் செய்கின்றன. தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் விற்கப்பட்ட அப்பண்டங்களின் பெயர் இன்று நாடு முழுவதும் தெரியும். வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. அவற்றின் வாயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் கைகளே போதவில்லை.

அந்தக் கைகளாக ஆலயங்கள் விளங்க முடியும். அதற்கு நான்கு பணிகள் போதுமானவை.

முதலாவது, பத்திரங்கள். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ சரியாக இல்லாத பிள்ளைகள் தோட்டப்புறக் குடும்பங்களில் இன்னும் உள்ளனர். அத்தாள் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியும் வேலையும் எட்டாக் கனிகளே. உறுப்பினர் குடும்பங்களில் அத்தகையோர் எவரேனும் உளரா என்று செயலவையினர் வீடு வீடாகக் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, நாட்காட்டி. மெட்ரிகுலேஷன், பொதுப் பல்கலைக்கழகம், பொலிடெக்னிக், தொழிற்பயிற்சி ஆகியவற்றின் விண்ணப்ப நாள்களை, பிரதோஷமும் சஷ்டியும் எழுதப்படும் அதே பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். விண்ணப்பம் செய்யத் தெரியாத பெற்றோருக்கு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் இளைஞர் பிரிவினர் உதவுதல் வேண்டும்.

மூன்றாவது, நிலம். தோட்டம் விற்கப்பட்டபோது இழந்த கோயில்கள் எத்தனை என்பதைப் பெரியவர்கள் அறிவர். ஆலய நிலத்தின் பட்டா எவர் பெயரில் உள்ளது என்பதை இன்றே பார்த்துச் சீர் செய்தல் நாளைய கண்ணீரைத் தடுக்கும்.

நான்காவது, பத்து வெள்ளி. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 10 வெள்ளி கல்வி நிதிக்கு அளித்தால் 100 குடும்பங்களிலிருந்து ஆண்டுக்கு 12,000 வெள்ளி சேரும். ஒரு பிள்ளையின் தொடக்கக் கட்டணமும் விடுதிச் செலவும் பெற்றோரின் முன் மலையாக நிற்கும் வேளையில் அத்தொகை வழி திறக்கும். வரவு செலவுக் கணக்கை அனைவரும் காண ஒட்டி வைத்தல் கட்டாயமாகும்.

மெய்யன்பர்களே! இந்நாட்டின் எதிர்காலம் ஒளியுடையதா, இருளுடையதா என்று இவ்வுரை தீர்ப்புக் கூறவில்லை. 1877இல் கன்று நட்டவருக்கும் அது தெரியாது; 1960இல் பத்து வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளிக்கும் அது தெரியாது. ஆயினும் கன்று மரமாயிற்று. பத்து வெள்ளி தோட்டமாயிற்று. அடுத்த ஆண்டுத் திருவிழாவில் பந்தி கூடும்போதும் இதே கேள்வி எழத்தான் செய்யும். அன்று அப்பந்தியில் பரிமாறுகின்ற இளைஞருள் ஒருவரேனும் இவ்வாலயத்தின் உதவியால் கல்லூரிக்குச் சென்றவராக இருப்பாராயின், கேட்டவர் தம் கேள்விக்கு விடையைக் கண்ணெதிரே காண்பார்.

அதற்கு எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணை நிற்பதாக.